எட்டாம் மினிற்றில் வாய் மூடிய பெட்டி

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில்தான் முதலில் கேட்டேன். குருநகரில் ஒரு பெட்டை ஒரு பெட்டி செய்திருக்கிறாளாம். அதை வள்ளத்தில் வைத்தால், அது ஆளை மெல்லக் கூட்டிக்கொண்டுபோய் இந்தியக் கடல் எல்லைக் கோட்டுக்கு அங்காலை விட்டுவிடுமாம். வள்ளத்துக்கு இவ்வளவு டொலர் என்று அவளுக்கு வருகிறதாம். சொன்னவர் வெங்காயம் பயிரிடுகிற ஒரு கமக்காரர். கடலை அவர் கடைசியாகப் பார்த்தது கசூரினாக் கடற்கரையில் பேரப்பிள்ளைகளோடு கால் நனைத்த அன்று.

அதே கிழமை கரவெட்டியில் ஒரு கலியாண வீட்டில் மறுபடி கேட்டேன். அதற்குள் பெட்டி கதைக்கவும் தொடங்கியிருந்தது, அதுவும் தெலுங்கில். எங்கள் குடாநாட்டில் ஒரு கதை பத்து மைல் போனால் அதற்குக் கால் முளைக்கும். இருபது மைல் போனால் காணி உறுதியும் எழுதி வைத்திருக்கும்.

இப்படியான கதைகளைச் சரிபார்க்காமல் எழுதுவதுதான் பத்திரிகைக்காரனுக்கு லாபம். சரிபார்த்தால் பாதி கரைந்துவிடும். இருந்தாலும் குருநகருக்குப் போனேன். பெட்டி இருக்கிறது. அது பொய் சொன்னதும் உண்மை. டொலர் மட்டும் இல்லை.

கடற்கரையோரத்து ஐஸ் கொம்பனிக் கந்தோரில் ரசீது அடிக்கிறவள் ஜெசிதா. முப்பது இன்னும் ஆகவில்லை. கம்பஸில் கணினி படித்தவள். கூடப் படித்தவர்கள் கொழும்புக்கும் மெல்பேணுக்கும் போய்விட்டார்கள். இவள் மட்டும் ஐஸ் கட்டிகளுக்குப் பக்கத்தில், மார்கழியிலும் சுவெற்றர் போட்டுக்கொண்டு இருக்கிறாள். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "விடிய எஞ்சின் சத்தம் கேக்காட்டில் எனக்கு நித்திரை வராது" என்றாள். விடிய வரும் சத்தம் கேட்டால் நித்திரை வருவது எப்படி என்று நான் கேட்கவில்லை. பிறகு விளங்கியது.

அவள் அஞ்சாம் வகுப்புப் படிக்கும்போது தகப்பன் பேதுருவின் வள்ளம் ஒரு நாள் வரவில்லை. கோடு தாண்டிவிட்டார் என்று அங்காலைப் பக்கம் பிடித்துவிட்டார்கள். மாதக்கணக்கில் சிறையில் மறியல். கடைசியில் ஆள் வந்தார், வள்ளம் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. கரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்துகிறார். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை வாய் திறந்ததில்லை. அந்த மாதங்களில் விடிய விடிய முழித்திருந்து ஒவ்வொரு எஞ்சின் சத்தத்துக்கும் ஆளின் பெயர் சொல்லப் பழகிக்கொண்டவள் ஜெசிதா. இது எமில்ராஜ், இது கடைசி வீட்டுக்காரர், இது அப்பா இல்லை. இப்போது தமையன் றஜிந்தன் கடலுக்குப் போகிறான். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கோடு என்பது கடலில் கீறிய கோடு அல்ல. அது எங்கே கிடக்கிறது என்று காட்ட எத்தனையோ கருவி உண்டு. நல்லது விலை, மலிவானது உப்புக்காற்றில் செத்துவிடும், கைபேசி அரை இரவில் படுத்துவிடும். ஆகவே ஜெசிதா ஒரு பெட்டி செய்ய நினைத்தாள். கோட்டைக் கடந்தால் அழவேண்டும். கடக்காவிட்டால் சும்மா இருக்கவேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

பெட்டிக்கு ஓர் இயங்குதளம் வேண்டும். ஹெரன் என்று ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்தாள். பல நாடுகளில் இருக்கிற கொஞ்சப் பேர் சம்பளம் இல்லாமல், அத்திவாரத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பது. ஹெரன் என்றால் கொக்கு. கொக்கைப் போலவே அதற்குத் தீன் கொஞ்சம், நிற்பது கனநேரம்: ஒரு டோர்ச் பற்றரியில் ஒரு கிழமை ஓடும். அதன் பக்கத்தில் முதல் வரியே இதுதான்: பரிசோதனை நிலையில் உள்ளது, உயிருக்குப் பொறுப்பான எந்த வேலைக்கும் பாவிக்க வேண்டாம். நாங்கள் மருந்துப் போத்தலின் சின்ன எழுத்தை வாசிப்பதுபோல ஜெசிதா அதை வாசித்தாள்.

வானத்துச் செய்மதியிலிருந்து வரும் எண்களை வாங்கி இடத்தைக் கணக்கிட, சி மொழியில் எழுதிய பழைய ஆயத்த நிரல்களின் தொகுப்பு, கணினிக்காரர் பாஷையில் நூலகம், ஒன்று உண்டு. உலகமெல்லாம் பாவிப்பது. அதைக் கொக்கின் மேல் ஓடும்படி கட்டி எடுக்கவேண்டும். கட்டுவது என்றால், எழுதிவைத்த நிரலை அந்த மெஷினுக்கு விளங்கும் வடிவமாக மாற்றிக் கோத்தெடுப்பது. தாய் மரியநாயகி, மகள் நூலகம் கட்டுகிறாள் என்று கேள்விப்பட்டு, "சீமெந்து விக்கிற விலையில உவளுக்கு விசர்" என்றிருக்கிறா.

சீமெந்து தேவைப்படவில்லை, மற்றதெல்லாம் தேவைப்பட்டது. கட்டத் தொடங்கியதும் நூலகம் கேட்கும் முதல் கேள்வி, நீ எந்த இயங்குதளம் என்பது. கொக்கு என்றதும், அப்படி ஒருவரைத் தெரியாது என்று படுத்துவிட்டது. தெரிந்த வேறொரு பெயரைச் சொல்லி அதை ஏமாற்றினாள். பிறகு இந்தக் கோப்பு இல்லை, அந்தக் கோப்பு இல்லை என்றது. ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்தாள். கடைசியில் எல்லாம் கோக்கும் நேரத்தில் ஒரேயொரு செயற்கூறு இல்லை என்று நின்றது. எழுத்தாக வரும் இலக்கங்களை எண்ணாக மாற்றும் கூறு. கொக்குக்காரர் அதை இன்னும் எழுதவில்லை. அதற்குச் சகோதரம் போல இன்னொன்றை எழுதிவைத்திருந்தார்கள். ஜெசிதா ஒரு வரி சேர்த்தாள்: மூத்தது இல்லாவிட்டால் இளையதைக் கூப்பிடு. நூலகம் கட்டுப்பட்டது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை.

பெட்டியைப் போட்டுப் பார்த்தால், ஐஸ் கொம்பனி பூமத்திய ரேகையில் நிற்கிறது என்றது.

காரணத்தை அன்றைக்கே பிடித்துவிட்டாள். அந்த இளைய கூறுக்கு ஒரு பழக்கம். பூச்சியத்தில் தொடங்கும் எண்ணைக் கண்டால், அது பத்தின் கணக்கு அல்ல, எட்டின் கணக்கு என்று தானே முடிவெடுத்துவிடும். எட்டின் கணக்கில் ஏழுக்கு மேல் இலக்கம் கிடையாது. யாழ்ப்பாணம் ஒன்பது டிகிரி வடக்கு; செய்மதி அதைப் பூச்சியம் ஒன்பது என்று அனுப்பும். அப்படி ஒரு இலக்கம் இல்லையே என்று கூறு பூச்சியம் போட்டுவிடும். ஜெசிதா டிகிரிக்கு முன்னால் நிற்கும் பூச்சியத்தை வெட்டிவிட ஒரு வரி எழுதினாள். ஐஸ் கொம்பனி குருநகருக்குத் திரும்பி வந்தது.

இனிச் சோதிக்கவேண்டும். அதற்குக் கடலில் உள்ள உண்மையான இடங்கள் வேண்டும். ஐஸ் வாங்க வருகிறவர்களிடம் கேட்டாள்.

"எமில் அண்ணை, நீங்கள் வலை போடுற இடத்தைச் சொல்லுங்கோ. பெட்டியில போட்டுப் பாக்க."

"ஏன், பெட்டி மீன் தின்னுமோ?"

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"நான் என்ரை மனிசிக்கே சொல்லேல்லை, ஜெசி."

ஆனாலும் எமில்ராஜ் ஒரு இடம் சொன்னான். அவள் அதைப் படத்தில் வைத்துப் பார்த்தாள்.

"உங்கடை வலை கரவெட்டியில புகையிலைத் தோட்டத்துக்குள்ள கிடக்கு, அண்ணை."

"ஓம், அங்கை நல்ல பாரை படும்."

குருநகரில் நீங்கள் ஒருவனிடம் அவன் சம்பாத்தியத்தைக் கேட்கலாம், வருத்தத்தைக் கேட்கலாம். வலை போடும் இடத்தைக் கேட்கக்கூடாது. கேட்டால் பொய் வரும். அது பொய்யாகக் கருதப்படுவதில்லை, மரியாதையாகக் கருதப்படுகிறது. மற்றவர்கள் எமில்ராஜைவிடத் திறமாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன இடங்கள் கடலிலாவது இருந்தன. எல்லாம் கோட்டுக்கு நன்றாக இங்காலை. ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் அவ்வளவு ஒழுங்கு. எல்லாவற்றையும் பெட்டிக்குக் கொடுத்தாள், சரியாகச் சொன்னது. எங்கள் வடக்குப் பக்கத்தில் கோடு ஏறக்குறையப் பத்து டிகிரி ஐந்து மினிற்றில் போகிறது. பத்து ஆறு என்று தானே ஒன்றைக் கொடுத்தாள், அழுதது. பத்து இருபது, அழுதது. நடுவில் இருப்பவற்றையும் பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"இது சரி, அண்ணை" என்று றஜிந்தனின் கையில் பெட்டியைக் கொடுத்தவள் அவள்தான். அன்று பின்னேரம் அவன் அதைக் கொண்டுபோனான்.

அடுத்த நாள் காலை எல்லா வள்ளங்களும் வந்துவிட்டன. றஜிந்தனின் எஞ்சின் மட்டும் இல்லை. ஜெசிதா ரசீது அடித்துக்கொண்டே காது கொடுத்திருந்தாள். எமில்ராஜ் ஐஸுக்கு வந்து நின்றான்.

"உன்ரை பெட்டி நல்ல பெட்டி, ஜெசி. முதல் அழுததாம், பேந்து வாய் மூடிட்டுதாம். றஜி வயர்லெஸ் செற்றில சொன்னவன்."

"பேந்து எண்டால்?"

"ஒரு சிகரெட் பத்திற நேரம் அழுததாம். 'இப்ப சத்தமில்லை மச்சான், நல்ல இடம், நான் நிக்கிறன்' எண்டான்."

"அழேக்கை வள்ளத்தைத் திருப்பினவரோ?"

ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எமில் அண்ணை, திருப்பினவரோ?"

"நேர போனவன் போலைதான் கிடக்கு" என்றான். "பெட்டி பழகிட்டுதாக்கும் எண்டு சிரிச்சவன்."

திருப்பாமல் நேரே போன வள்ளத்தில் பெட்டி ஏன் அழுகையை நிறுத்தவேண்டும்? மேசை லாச்சிக்குள் பெட்டியின் இரட்டை ஒன்று இருந்தது, சோதிக்க வைத்திருந்தது. அதை எடுத்து, ஆக்கள் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். எல்லாம் சரி. மறுபடி கொடுத்தாள். மறுபடி சரி. அது சரியாகச் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் கூடியது. பிழை இருக்கிறது, ஆனால் பிழை தெரியாத இடங்களில் மட்டும் அவள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மீன் கடகத்தோடு வந்த மரியநாயகி வாசலிலேயே நின்றுவிட்டா. "என்னடி பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்? அண்ணன் எங்கை?"

"அம்மா, கதவைச் சாத்துங்கோ." ஜெசிதா எமில்ராஜைப் பார்த்தாள். "அண்ணை, இந்தமுறை புகையிலைத் தோட்டம் வேண்டாம். வடக்கிலை, உண்மையா, மீன் படுற இடம் எது?"

எமில்ராஜ் சாத்திய கதவைப் பார்த்தான். யன்னலைப் பார்த்தான். தாயின் முகத்தையும் பார்த்தான். பிறகு உதட்டை மட்டும் அசைத்தான். "பத்து எட்டு. பத்து ஒன்பது."

"அது அங்காலை."

"நான் போனதெண்டு சொல்லேல்லை. படும் எண்டு கேள்வி."

பத்து டிகிரி, பூச்சியம் எட்டு மினிற்று என்று கொடுத்தாள். பச்சை வெளிச்சம் எரிந்தது. பத்து, பூச்சியம், என்றது பெட்டி. பாதுகாப்பு. பூச்சியம் ஒன்பது கொடுத்தாள். பத்து, பூச்சியம். பாதுகாப்பு.

டிகிரிக்கு வெட்டிய பூச்சியத்தை அவள் மினிற்றுக்கு வெட்டவில்லை. ஐந்திலும் ஆறிலும் ஏழிலும் பெட்டி அழும். எட்டிலும் ஒன்பதிலும் வாயை மூடும். கோட்டுக்கு அங்காலை இரண்டு மைல் அகலத்துக்கு ஒரு அமைதியை அவளே செய்து, தமையனின் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவன் அதற்குள் வலையை விரித்துப்போட்டு நிற்கிறான். பிடிப்பதற்கு வருகிறவர்கள் வெளிச்சம் வந்தபிறகுதான் வருவார்கள். வெளிச்சம் எப்போதோ வந்துவிட்டது.

ஐஸ் கொம்பனிக் கூரையில் உயரக் கம்பம் நட்ட வயர்லெஸ் செற் ஒன்று உண்டு. கூப்பிட்டால் றஜிந்தனுக்குக் கேட்கும். இந்தக் கரை முழுக்கவும் கேட்கும். அங்காலைப் பக்கமும் கேட்கும். நீ கோட்டைத் தாண்டி நிற்கிறாய் என்று அதில் சொல்வது, இவன் இங்கே நிற்கிறான் வந்து பிடியுங்கோ என்று சொல்வதற்குச் சமன்.

எமில்ராஜ் செற்றை எடுத்தான். "றஜி, றஜி, கேக்குதோ?"

"சொல்லு."

"கெதியா வா மச்சான். மாமிக்குச் சுகமில்லை."

"அம்மாக்கு என்ன?"

மரியநாயகி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினா. "நெஞ்சுநோ" என்றான் எமில்ராஜ்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் செற்றில என்ன செய்யிறாய்? நான் எழும்ப நீ இஞ்சை வரப்பாக்கிறாய். போன மாசமும் எஞ்சின் பழுது எண்டு கத்தி என்னைக் கூப்பிட்டு, நான் வர நீ என்ரை இடத்தில வலை போட்டனி."

"அது உண்மைதான்" என்றான் எமில்ராஜ், செற்றுக்கு அல்ல, அங்கே நின்றவர்களுக்குப் பொதுவாக. இந்த இடத்தைச் சொல்லும்போது இப்போதும் அவன் தலையைக் குனிகிறான்.

மரியநாயகி செற்றைப் பறித்தா. "டேய், அம்மாதான் கதைக்கிறன். வாடா வீட்டை."

"நெஞ்சுநோக்காரி உப்பிடியோ கத்துறது?" என்று கேட்டது செற். பிறகு நின்றுவிட்டது.

பேதுரு எப்போது உள்ளே வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. கையில் வலை பொத்துகிற ஊசி அப்படியே இருந்தது. அவர் மனைவியிடமிருந்து செற்றை வாங்கி மகளின் கையில் வைத்தார். ஊசியைக் கீழே வைக்கக்கூட அவர் நிற்காமல் வந்திருப்பதை ஜெசிதா கண்டாள். அவள் பெரிதாகப் பயந்தது அப்போதுதான் என்று என்னிடம் சொன்னாள்.

அந்தச் செற்றில் அவள் முன்பு கதைத்ததில்லை. கோடு என்ற சொல்லைச் சொல்ல ஏலாது. இடத்தைச் சொல்ல ஏலாது. சொல்லக்கூடியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அண்ணை, ஜெசி. பெட்டி பிழை. நான்தான் பிழையாச் செய்தனான். அது அழாட்டில் நல்லது எண்டு இல்லை. அதை நம்பாதையுங்கோ. திசைகாட்டியைப் பாத்துத் தெற்கை ஓடுங்கோ. மீனை விடுங்கோ, வலையை விடுங்கோ."

இரைச்சல்.

"நீதானே சரி எண்டு தந்தனி?"

"ஓம். நான்தான் சரி எண்டு தந்தனான்."

அதற்குப் பிறகு செற்றில் ஒன்றும் வரவில்லை. அவன் திரும்பினானா, திரும்ப முதலே பிடித்துவிட்டார்களா, கோபத்தில் செற்றை நிறுத்தினானா, ஒன்றும் தெரியாது. திருப்பிக் கூப்பிடவும் பயம். ஒவ்வொரு கூப்பாடும் கேட்கவேண்டாதவர்களுக்கும் கேட்கும். மரியநாயகி செபமாலையை எடுத்தா. பாதியில் எந்த மணியில் நிற்கிறா என்பது அவவுக்கே தெரியாமல் போய், மறுபடி முதலில் இருந்து தொடங்கினா. பேதுரு கரைக்குப் போய்த் தண்ணீரின் ஓரத்தில் நின்றார்.

ஜெசிதா பிழையைத் திருத்தினாள். வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இளைய கூறை நூலகத்திலிருந்து கழற்றி எறிந்துவிட்டு, பத்தின் கணக்கில் மட்டும் வாசிக்கிற கூறைத் தானே எழுதினாள். நாலைந்து வரிதான். அதற்குள் மூன்று எழுத்துப்பிழை. மறுபடி கட்டினாள். இரட்டைப் பெட்டிக்குப் பத்து, பூச்சியம் எட்டு என்று கொடுத்தாள். அது அழத் தொடங்கியது.

அவள் அதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஐஸ் வாங்க வந்தவர்கள் அந்த அழுகைக்குள்ளேயே நின்று வாங்கிக்கொண்டு, காசையும் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள். குருநகரில் காலையில் வராத வள்ளத்தைப்பற்றி ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

வெயில் ஏறியபிறகு ஜெசிதா எழுந்து பெட்டியை நிறுத்தினாள். "ஏன் பிள்ளை?" என்றா மரியநாயகி. மகள் கையைக் காட்டி, சத்தம் போடவேண்டாம் என்றாள். தாய்க்கு அப்போது ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எஞ்சின் கேட்டது.

றஜிந்தன் வள்ளத்தைக் கரையில் ஏற்றும்போது உள்ளே வலை இல்லை. அறுத்துவிட்டு வந்திருக்கிறான். மீனும் இல்லை. எமில்ராஜ் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான்.

"என்னடா கண்டனி?"

"ஒண்டும் காணேல்லை." சிகரெட்டுக்கு நெருப்பு வைக்க முயன்றான். குச்சி மூன்று முறை அணைந்தது. "சாம்பல் நிறமா ஏதோ தெரிஞ்சது. மேகமாயும் இருக்கலாம்."

பேதுரு அந்த மேகத்தைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மகனின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பெட்டி பிழை, நான்தான் செய்தனான், என்று ஒரு பெட்டையின் குரல் கரை முழுக்கச் செற்றில் கேட்டிருந்தது. அன்று பின்னேரம் அது சந்தைக்குப் போனது. சந்தையிலிருந்து மீனோடு சேர்ந்து தெல்லிப்பழைக்கும் கரவெட்டிக்கும் போனது. டொலரை யார் சேர்த்தார்கள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெலுங்கு கலியாண வீட்டில் சேர்ந்தது என்பது என் சந்தேகம்.

ஜெசிதா இதையெல்லாம் மறுக்கப்போவதில்லை. "பிழைச் செய்தி வந்தால் பயமில்லை, அண்ணை" என்றாள் என்னிடம். "ஒண்டும் வராமல் கட்டி முடிஞ்சால்தான் இப்ப எனக்குப் பயம்." இரட்டைப் பெட்டியை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

திருத்தத்தை மட்டும் கொக்குக்காரருக்கு அனுப்பினாள், நடந்ததையும் எழுதி. அவர்களும் பயந்துபோய் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிழையைத் திருத்தியவர், அது மறுபடி வந்தால் பிடிப்பதற்கு ஒரு சோதனையும் எழுதித் தரவேண்டும். கற்பனை எண்ணை ஏற்கமாட்டார்கள். பிழை நடந்த நேரத்தில் செய்மதி அனுப்பிய வரிகளே வேண்டும். அந்த வரிகள் றஜிந்தனின் பெட்டிக்குள், சின்ன மெமறி காட் ஒன்றில் பதிந்து கிடந்தன.

நான் அங்கே இருந்த மத்தியானம் அவள் மறுபடியும் கேட்டாள். றஜிந்தன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணை, அந்தக் காட்."

"கடலுக்குள்ள விழுந்திட்டுது எண்டு சொன்னன்தானே."

"நாலு ஸ்குறூ பூட்டின மூடிக்குள்ள இருந்து எப்பிடி விழும்?"

"ஸ்குறூவும் விழுந்தது."

"மூடி கிடக்கே."

"உனக்கு என்ன வேணும் இப்ப?" கையில் எடுத்த சோற்றைக் கோப்பையில் வைத்தான். "நான் எங்கை நிண்டனான் எண்டு எழுதி, வெள்ளைக்காரன்ரை மெஷினில உலகம் முழுக்கப் பாக்கப் போடவோ? நாளைக்கு ஆரும் அதைக் கொண்டுவந்து காட்டி, இது நீதானே எண்டு கேட்டால், நீ வந்து மறியலில இருப்பியோ?"

"சாப்பிட விடு பிள்ளை" என்றா மரியநாயகி.

ஜெசிதா விட்டாள். என்னிடமும் அவன் ஒரு இடத்தைச் சொன்னான், கேட்காமலே. நான் அதைப் படத்தில் வைத்துப் பார்க்கவில்லை, மரியாதையாக வாங்கிக்கொண்டேன்.

கொக்குக்காரர் இதுவரை இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்கள். அவள் பெயருக்கு நேரே, சோதனை வரவேண்டியிருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் அவள் ஒரே பதிலைத்தான் எழுதியிருக்கிறாள்: அண்ணையிடம் கேட்டுச் சொல்கிறேன்.